ஐந்தாவது டயர்

உங்கள் காரின் டிக்கியைத் திறந்து, தரையில் விரித்திருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி, அதற்கடியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது தொட்டுப் பார்த்தீர்கள்?

"ஸ்டெப்னியா? இருக்கு சார்" என்பீர்கள். இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அதில் காற்று இருக்கிறதா என்று கேட்கிறேன்.

கார் இல்லாதவர்கள், 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து ஏறுகிற கால் டாக்ஸிக்கும் ஒரு ஸ்டெப்னி உண்டு. டிக்கியில் பாதியை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் உங்கள் பெட்டியோடு மல்லுக்கட்டி நிற்குமே, அதுதான். அதன் யோக்கியதை அந்த டிரைவருக்கே தெரியாது.

இவ்வளவு அதிகாரமாகக் கேட்கிறானே, இவன் ரொம்ப ஒழுங்கு போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

2023 மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து போன். அத்தை போய்விட்டார். விருத்தாசலத்தைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். "திங்கக்கிழமை ஏழரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி எடுத்துடுவோம். மாமாவைக் கூட்டிக்கிட்டு ஒடனே கெளம்பு" என்றான் அத்தை மகன். மாமா என்றால் என் அப்பா. அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த அவரை வளர்த்தது இந்த அக்காதான். அவருக்கு அக்கா என்றால் அம்மா.

பன்னிரண்டரைக்கு வேளச்சேரியிலிருந்து கிளம்பினோம். அப்பா, என் மனைவி, நான். ராத்திரி நேரம், ரோடு காலி, நாலு நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். அச்சிறுபாக்கம் தாண்டியதும் இருட்டில் என்னவோ ஒன்றின் மேல் இடது முன் சக்கரம் ஏறியது. படார் என்று ஒரு சத்தம். பிறகு வண்டி தட தடவென்று ஒரு பக்கமாக இழுத்தது. ஓரங்கட்டி இறங்கி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். பஞ்சர் ஒட்டுகிற சமாச்சாரமே இல்லை.

நான் பதறவில்லை. "அதான் ஸ்டெப்னி இருக்கே, இருபது நிமிஷம்" என்றேன் அப்பாவிடம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையே அதற்கு எதிராகத்தான்.

டிக்கியில் இருந்ததையெல்லாம் எடுத்து ரோட்டோரம் வைத்தேன். மழைக்கோட்டு, பழைய பேப்பர் கட்டு, ஷட்டில் காக் ராக்கெட், என்றைக்கோ வாங்கிய பெயின்ட் டப்பா. கார்ப்பெட்டைத் தூக்கினேன். அங்கே ஸ்டெப்னி இருந்தது. அதன்மேல் கம்பெனியில் போட்ட பாலிதீன் கவர்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். தலையணை மாதிரி உள்ளே போனது.

மணி இரண்டு இருபது.

வண்டி ரிப்பேரானால் உதவி செய்வதற்கென்று வருடா வருடம் பணம் கட்டுகிறோமே, அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பாட்டு போட்டு எட்டு நிமிடம் காக்க வைத்த பிறகு ஒரு பெண் கனிவாகக் கேட்டார்: "ஸ்டெப்னி இருக்கா சார்? இருந்தா ஆள் அனுப்பி மாட்டித் தர்றோம்." இருக்கிறது, காற்றில்லை என்றேன். "அப்படின்னா டோ பண்ணணும் சார். மூணு மணி நேரம் ஆகும்." தேசிய நெடுஞ்சாலையில் எந்த உதவிக்கும் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம் என்று எத்தனையோ போர்டில் படித்திருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. உங்களுக்காவது வரட்டும்.

மூன்று மணிக்கு ஒரு லாரி நின்றது. நாமக்கல் வண்டி. டிரைவர் இறங்கி வந்து கிழிந்த டயரைப் பார்த்தார், ஸ்டெப்னியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் கிளீனர் பையனை இறக்கி விட்டு, "பெரியவரும் அக்காவும் தனியா இருக்காங்க, நீ இங்கயே நில்லு" என்றார். காருக்குப் பின்னால் தூரத்தில் வேப்பங்கிளையை ஒடித்துப் போடச் சொன்னார். "போறப்ப மறக்காம எடுத்துப் போட்ருடா." (கல்லை வைத்துவிட்டு அப்படியே போய்விடுகிற புண்ணியவான்கள் கவனிக்க.) பிறகு ஸ்டெப்னியையும் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார்.

வழியில் அவரே பேச்சைத் தொடங்கினார். "கார்க்காரங்க எல்லாருமே இப்படித்தான் சார். நாங்க வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி கம்பியால எல்லா டயரையும் தட்டிப் பாப்போம். சத்தத்துலயே தெரிஞ்சிடும். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் தட்டுவோம்."

ரோட்டோரப் பஞ்சர் கடையில் லுங்கி கட்டிய ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். காற்றடித்தார். ஏறிய வேகத்தில் இறங்கியது. ரிம்மைத் திருப்பிக் காட்டினார். டயரின் உதடு உட்காருகிற இடமெல்லாம் துரு. வருடக்கணக்கில் காற்றில்லாமல் கிடந்ததில் டயர் ரிம்மை விட்டு விலகியிருந்தது. "டியூப்லெஸ்ஸா நிக்காது சார். டியூப் போட்டுத் தரேன். ஆனா டயரைப் பாருங்க." பார்த்தேன். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். புத்தம்புது பட்டன், கம்பெனி மஞ்சள் கோடு அழியவில்லை. பக்கவாட்டில் மட்டும் வறண்ட ஏரி மாதிரி மெல்லிய வெடிப்புகள். "நாப்பதுக்கு மேல போவாதீங்க. வெடிச்சிடும்."

சரியான அளவில் டியூப் தேடி, மாட்டி, திரும்பி வந்து, வண்டி கிளம்பியபோது மணி ஐந்து. லாரிக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். கிளீனர் பையன் மட்டும் வேப்பங்கிளையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பெயின்ட் டப்பாவைக் காட்டி, "இது வேணுமா சார்?" என்று கேட்டு எடுத்துக்கொண்டான்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா? பஸ், லாரி, வேன், புல்லட் என்று எல்லாரும் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். திண்டிவனத்தில் ஒரு டாக்ஸி பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிடித்திருக்கலாம்தான். அப்போது அது தோன்றவில்லை. கொஞ்சம் அழுத்தினால் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். அப்பா முன் சீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். விழுப்புரம் தாண்டியதும் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசல் ஈரமாக இருந்தது. "ஏழு இருபது வரைக்கும் வெச்சிருந்து பாத்தோம் மாமா" என்றான் அத்தை மகன். அப்பா, "எடுத்துட்டாங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

இதில் வில்லன் நான்தான். சந்தேகமே வேண்டாம். ஆனால், நான் மட்டும்தானா என்பதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில், ஸ்டெப்னி என்ற பெயரைப் பாருங்கள். இது ஆங்கில அகராதியிலிருந்து நமக்கு வந்த சாதாரண வார்த்தை இல்லை. ஒரு தெருவின் பெயர். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்கள். 1904 வாக்கில் இந்த மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் கார்களில் ஸ்பேர் வீல் கிடையாது. ரோடெல்லாம் குதிரை லாட ஆணி. குத்தினால், அந்த இடத்திலேயே உட்கார்ந்து, நெம்புகோல் போட்டு டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டி, கையால் பம்ப் அடிக்க வேண்டும். மழையோ, பனியோ, கோட்டு சூட்டோ, எல்லாம் ஒன்றுதான்.

டேவிஸ் சகோதரர்கள் என்ன செய்தார்கள்? ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம். அதன் பக்கத்திலேயே இந்த வளையத்தை வைத்துக் கொக்கியால் முடுக்கிவிட்டுக் கிளம்பிவிடலாம். உலகமே அதற்கு அந்தத் தெருவின் பெயரை வைத்துக் கூப்பிட்டது. இங்கிலாந்தில் பிறகு அந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. நாம்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம்.

கவனித்தீர்களா? அந்தக் கண்டுபிடிப்பின் உயிர் எங்கே இருக்கிறது? சக்கரத்தில் இல்லை. சக்கரம் அதற்கு முன்பும் இருந்தது. முன்கூட்டியே காற்றடைத்துத் தயாராக வைத்திருப்பது என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. அதிலிருந்து காற்றை எடுத்துவிட்டால் நம் டிக்கியில் இருப்பது என்ன? பதினைந்து கிலோ ரப்பரும் இரும்பும். பெட்ரோல் செலவழித்து, போகிற இடமெல்லாம் அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம்.

பெயரைக் காப்பாற்றினோம் என்று சொன்னேனே, அதிலும் ஒரு லட்சணம் இருக்கிறது. நம் ஊரில் 'ஸ்டெப்னி' என்று இன்னொரு அர்த்தத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள். சினிமா காமெடியிலும் வரும். ஒரு பெண்ணை அப்படிச் சொல்வதில் இருக்கிற அசிங்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கிண்டலுக்குள் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் நினைத்துக்கொள்வது, மற்ற நாளில் இருட்டில் போட்டு மூடிவைப்பது. ஸ்டெப்னி என்றாலே அப்படித்தான் நடத்த வேண்டும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு சிரிக்கிறோம்.

சரி, சர்வீஸ் சென்டருக்கு வருவோம்.

துக்கம் முடிந்து சென்னைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, டேஷ்போர்டில் இருந்த பழைய சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்ததுதான். கார் 2014-ல் வாங்கியது. ஒன்பது வருடத்தில் பதினான்கு சர்வீஸ். ஒவ்வொரு பில்லோடும் ஒரு செக் லிஸ்ட். அதில் 'டயர் பிரஷர், ஸ்டெப்னி உட்பட' என்று ஒரு வரி. பதினான்கிலும் அந்த வரிக்கு நேராக டிக். பதினான்கு டிக்! பிரிக்கப்படாத பாலிதீன் கவருக்குள் இருந்த டயரை எந்த மந்திரவாதி சோதித்தான்?

நேரே போய்க் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர். காபி கொடுத்தார். "சார், டிக்கியில கஸ்டமர் சாமான் இருந்தா நாங்க கை வைக்கறதில்ல. ஏதாவது தொலஞ்சா எங்க பையன் தலையில விழும்."

நியாயம். ஒத்துக்கொள்கிறேன். "அப்ப ஏன் டிக் போட்டீங்க?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் டிக் போட்டாத்தான் சார் சிஸ்டத்துல பில் குளோஸ் ஆகும்."

இதைவிட நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதுவதற்கு அந்த சிஸ்டத்தில் கட்டமே கிடையாது. பார்த்தேன் என்று பொய் சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தப் பையன் பொய்யன் இல்லை. 'டிக்கியில் சாமான் இருந்ததால் ஸ்டெப்னி பார்க்கப்படவில்லை, காலி செய்துகொண்டு வாருங்கள்' என்று ஒரே ஒரு வரி பில்லில் இருந்திருந்தால், பதினான்கு முறையில் ஒரு முறையாவது எனக்கு உறைத்திருக்காதா? காரின் கதவில் இருக்கிற கீறலைப் படம் பிடித்து நமக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பிறகு நம் மேல் பழி போடாமல் இருக்க. ஸ்டெப்னியின் பிரஷரை அளந்து எண்ணைப் போட்டு அனுப்ப முடியாதா? அடுத்த முறை உங்கள் பில்லில் டிக் இருந்தால், 'எத்தனை பி.எஸ்.ஐ.?' என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.

காரைத் தயாரிப்பவர்கள் சங்கதி இன்னும் மோசம். ஸ்டெப்னியில் மாதா மாதம் காற்று பாருங்கள் என்று மேனுவலில் எழுதுகிறார்கள். நல்லது. அந்த ஸ்டெப்னியின் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது? நிறைய கார்களில் கீழ்ப்பக்கம் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். காற்றடிக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றி, வீலையே தூக்கித் திருப்ப வேண்டும். பெரிய வண்டிகள் சிலவற்றில் வயிற்றுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். மழையும் சேறும் பட்டுத் துருவேறி, தேவைப்படும் அன்றைக்குக் கீழே இறங்கவே இறங்காது. வால்விலிருந்து டிக்கி ஓரம் வரைக்கும் ஒரு முழ நீள டியூப் வைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாலு பேர் உட்காருகிற காரில் தம்ளர் வைக்க எட்டு இடம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இது தெரியாதா? நாம் கேட்கவில்லை. அதனால் கொடுக்கவில்லை.

இப்போது ஸ்டெப்னியையே எடுத்துவிடுகிறார்கள். 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், டயர் பிரஷரைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட், இந்த மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்பேர் வீல் கட்டாயமில்லை. இடம் மிச்சமாகும், மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது காரணம். இதை நான் முழுக்க எதிர்க்கவில்லை. ஆணி குத்தின ஓட்டையை அந்த கிட்டில் உள்ள பசை அடைத்துவிடும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற குட்டி கம்ப்ரஸர் காற்றடித்துவிடும். நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு அது போதும் என்பது வாதம்.

ஆனால், எனக்கு நடந்தது போலப் பக்கவாட்டில் கிழிந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்தாலும் அதே கதைதான். பள்ளத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? அந்தப் பசைக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆக, பிரச்னை தீரவில்லை. டிக்கியில் மறந்து கிடக்கிற வஸ்து டயரிலிருந்து பாட்டிலாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். என் கோபம் வேறு. ஷோரூமில் டிக்கி இத்தனை லிட்டர் என்று பெருமை பேசுகிறவர், 'சார், இதில் ஸ்டெப்னி கிடையாது' என்று வாய்விட்டுச் சொல்கிறாரா? நீங்கள் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால், ஒரு நாள் நடு ரோட்டில் கார்ப்பெட்டைத் தூக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

'டயர் பிரஷர் காட்டுகிற கருவி இருக்கிறது, எனக்குக் கவலையில்லை' என்று ஒரு நண்பர் சொன்னார். அது ஓடுகிற நாலு சக்கரத்தைத்தான் காட்டும். பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னியை அது கண்டுகொள்வதே இல்லை.

இன்னொருவர், "ஓடாத டயர்ல காத்து எப்படி சார் எறங்கும்?" என்று வாதாடினார். இறங்கும். எந்த ரப்பரும் காற்றை முழுக்கத் தடுக்காது. மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு பி.எஸ்.ஐ. வரை, நல்ல டயரிலேயே மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். முப்பத்து மூன்றில் ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் எங்கே வந்து நிற்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஒன்பது வருடத்துக்குக் கழிக்கவே வேண்டாம்.

காற்று மட்டுமில்லை, வயசும் உண்டு. டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம் என்பது கணக்கு. என்னுடையதில் 1114. 2014-ம் வருடம் பதினோராவது வாரம் பிறந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். பத்து வருடம் தாண்டினால் ஓட்டமே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கிற கார் கம்பெனிகளும் உண்டு. நாம் என்ன செய்கிறோம்? நாலு டயரும் தேய்ந்ததும் புதுசு போட்டுவிட்டு, கழற்றியதில் 'இருக்கிறதிலேயே நல்லதை' ஸ்டெப்னிக்குப் போடுகிறோம். வீட்டில் பழைய சோற்றை யாருக்கு வைப்போமோ, அந்த நியாயம்.

மெல்லிசாக சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒரு ஸ்டெப்னி சில கார்களில் கொடுக்கிறார்களே, அதற்கு அறுபது பி.எஸ்.ஐ. வேண்டும். அதன் மேலேயே எழுதியிருக்கும். பங்க்கில் வழக்கம்போல முப்பத்து மூன்று அடித்துக்கொண்டு வந்தால் பாதிதான். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதையும் படியுங்கள்.

"மாசா மாசம் இதையெல்லாம் பார்க்க எங்கே சார் நேரம்?" இதுதான் கடைசி வாதம், எல்லாருக்கும் பிடித்த வாதம். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். நாலு டயருக்கு அடித்து முடித்ததும் அந்தப் பையன், "ஸ்டெப்னி பாக்கலாமா சார்?" என்று கேட்பான். எல்லாரும் இல்லாவிட்டாலும் சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள். என்னிடமும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "வேணாம்ப்பா, டிக்கியில சாமான் இருக்கு" என்று பத்து ரூபாயை நீட்டிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. அந்த ராக்கெட்டையும் பேப்பர் கட்டையும் இறக்கி ஏற்ற அலுப்பு. மூன்று நிமிட அலுப்பு. அப்பாவுக்கு அக்காவின் முகம் கடைசியாக ஒரு முறை கிடைக்காமல் போனது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்று இருந்தாலும் கழற்ற முடிய வேண்டும். சர்வீஸ் சென்டரில் வீல் நட்டை இயந்திரத் துப்பாக்கியால் முடுக்கிவிடுகிறார்கள். காரோடு கொடுத்த குட்டை ஸ்பேனரில் என் மனைவி ஏறி நின்றுகூடப் பார்த்தார், அசையவில்லை. லாரிக்காரர் தன் நீள பைப்பைச் சொருகி நெம்பிய பிறகுதான் கழன்றது. பகலில், வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்டிப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது என் காரில் புது ஸ்டெப்னி. மாதத்தின் முதல் ஞாயிறு பங்க்குக்குப் போகிறேன். அப்பா சில நாள் கூட வருவார். அந்த ராத்திரியைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன முறை நான் டிக்கியைத் திறந்ததும் தானே இறங்கி வந்து, குனிந்து, கட்டைவிரலால் ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தார். "எவ்ளோ இருக்கு?" என்று பையனிடம் கேட்டார். "முப்பத்தஞ்சு தாத்தா." இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஸ்டெப்னிக்கெல்லாமா சார் காத்து அடிப்பாங்க? கொஞ்சம் சீக்கிரம்" என்றார். உங்களுடையதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கா? போன மாசம்தான் சார் சர்வீஸ் விட்டேன், எல்லாம் பாத்துட்டாங்க" என்றவர், என்ன நினைத்தாரோ, இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே குழந்தை சைக்கிள் ஒன்று, தண்ணீர் கேன் இரண்டு, கொலு பொம்மை அட்டைப்பெட்டிகள் நாலைந்து, ஓர் அரிசி மூட்டை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மூடிவிட்டார்.